வீட்டு மரப்பட்டறை: மெஷினுக்கு முன்னால் வாங்க வேண்டிய சில்லறைச் சாமான்கள்

சேலத்தில் வீட்டு மாடியிலோ கார் ஷெட்டிலோ மரவேலைக்கென்று ஒரு மூலையை ஒதுக்குகிறவர்கள் முதலில் வாங்குவது பெரும்பாலும் ஒரு மெஷின்தான். கையிலிருக்கும் காசும் அதோடு தீர்ந்துவிடும். அப்புறம் பார்த்தால் ஒட்டிய பலகை நடுவில் வாய் பிளந்து நிற்கும், சட்டத்தின் மூலை சேராது, உளி மரத்தைச் சீவாமல் கிழிக்கும். மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. மரத்தின் ஈரத்தைப் பார்க்கவும், மரத்தை அசையாமல் பிடிக்கவும், சரியாக அளக்கவும், இரும்பைத் தீட்டவும் சாமான் இல்லாத பட்டறையில் எந்த மெஷினும் இப்படித்தான் வேலை செய்யும்.

ஈரத்திலிருந்து தொடங்குவோம். இந்தப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் நல்ல மரம் சில்வர் ஓக். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்ப்பது, பூர்வீகம் ஆஸ்திரேலியா. ஆரப்போக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி அறுத்தால் பலகை முழுக்கப் பளபளவென்று புள்ளி ஓடும், அழகான மரம். ஆனால் மலையிலிருந்து இறங்கிய பலகையை உடனே இழைத்து மேஜை செய்தால் சித்திரை வெயிலில் மேஜை பழிவாங்கும். தோராயக் கணக்கு இது: கோடையில் சேலத்து வீட்டுக்குள் மரம் 8 முதல் 10 சதவீத ஈரத்தில் நிற்கும். ஏற்காட்டில் மழையும் மூடுபனியுமான ஐப்பசி, கார்த்திகையில் 15-ஐத் தாண்டும். சாதாரணமாக அறுத்த பலகை, ஈரம் 1 சதவீதம் குறைந்தால் அகலத்தில் கால் சதவீதம் அளவுக்குச் சுருங்கும். 6 சதவீதம் குறைந்தால் ஒன்றரை சதவீதம். 300 மி.மீ. அகலப் பலகையில் அது நாலரை மி.மீ. இடைவெளி.

ஆகவே முதல் சாமான் ஈரமானி. இரண்டு ஊசி வைத்த சாதாரண மாடலே போதும். பலகையின் முனையில் குத்திப் பார்ப்பதில் அர்த்தமில்லை, முனை எப்போதும் முதலில் காய்ந்துவிடும். ஒரு துண்டைக் குறுக்கே அறுத்து, புதிதாகத் தெரியும் முகத்தின் நடுவில் குத்த வேண்டும். மீட்டரை நம்ப மனம் வராவிட்டால் தராசும் வீட்டு ஓவனும் இருக்கின்றன. சிறு துண்டை எடைபோட்டு, 100 டிகிரியை ஒட்டி வைத்து, எடை இனிமேல் குறையாது என்கிற வரை காய வையுங்கள். முதல் எடை 116 கிராம், கடைசி எடை 100 என்றால் ஈரம் 16 சதவீதம். காய்ந்த எடையால்தான் வகுக்க வேண்டும், முதல் எடையால் அல்ல.

பச்சைப் பலகை வாங்கியிருந்தால் அடுக்கும் முறைதான் பாதி வேலை. தரையிலிருந்து ஓரடி உயரத்தில், நிழலில், ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் 1 இஞ்ச் ரீப்பர் துண்டுகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாக வைத்து அடுக்க வேண்டும். மேல் ரீப்பர் கீழ் ரீப்பருக்கு நேர் மேலே இருக்கட்டும். தள்ளி இருந்தால் பலகை அந்த இடத்தில் தொங்கி, வளைந்தபடியே காயும். இரண்டு முனைகளிலும் மிச்சம் கிடக்கும் பெயிண்டைக் கெட்டியாகப் பூசிவிட்டால் முனை வெடிப்பு பெரிதும் குறையும். 1 இஞ்ச் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. மெல்லிய பலகை சேலத்து வெயில் காலத்தில் அதைவிடச் சீக்கிரம் காயும், ஆனால் முடிவைச் சொல்ல வேண்டியது மீட்டர்தான், காலண்டர் அல்ல.

அடுத்தது மரத்தைப் பிடிக்கும் சாமான். இதில் முதலாவது பெஞ்ச். நின்றுகொண்டு கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடியும் உயரம் போதும், பலருக்கு அது 32 முதல் 34 இஞ்சுக்குள் வரும். மேல் பலகை இரண்டரை இஞ்சுக்குக் குறைய வேண்டாம். காரணம் இரும்புப் பிடிக்கொக்கி. தலைகீழ் ‘ட’ போல வளைந்த இந்தக் கம்பியைப் பெஞ்சில் போட்ட 19 மி.மீ. துளையில் இறக்கி, தலையில் ஒரு தட்டு தட்டினால் மரத்தை அமுக்கிப் பிடிக்கும். பின்னால் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும். கடையில் தேடி அலைய வேண்டாம், 16 மி.மீ. கம்பி கொடுத்தால் கொல்லுப்பட்டறையில் அடித்துத் தருவார்கள். கம்பி வழுவழுப்பாக இருந்தால் வழுக்கும், குறுக்குவாக்கில் முரட்டு உப்புத்தாளைத் தேய்த்துச் சொரசொரப்பாக்குங்கள். மெல்லிய பிளைவுட் பெஞ்சில் இது பிடிக்காது, துளையும் சீக்கிரம் வாய் அகன்றுவிடும்.

கிளாம்ப் விஷயத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது. 4 அடி நீளப் பலகைகளை விளிம்போடு விளிம்பாக ஒட்ட, 9 இஞ்சுக்கு ஒன்று என்று 5 அல்லது 6 வேண்டும். ஒன்றை மேலிருந்தும் அடுத்ததைக் கீழிருந்தும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் போட்டால் பலகை அந்தப் பக்கமாக வில்லாக வளையும். நீளமான எஃப் கிளாம்ப்களில் மலிவானவை இறுக்கும்போது தாமே வளைகின்றன. அதைவிட முக்கால் இஞ்ச் ஜி.ஐ. பைப்பில் மாட்டும் பைப் கிளாம்ப் நல்லது. பைப்பை எந்த பிளம்பிங் கடையிலும் அளவுக்கு வெட்டி மரை போட்டுத் தருவார்கள். கிளாம்ப் தலையைக் கையோடு கொண்டுபோய் மரை சேருகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுங்கள். பைப்புக்கும் ஈரப் பசைக்கும் நடுவில் செலோ டேப்போ மெழுகுத்தாளோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரும்பும் ஈரமும் மரத்திலுள்ள துவர்ப்பும் சேர்ந்து கருநீலக் கறை பிடிக்கும், அது இழைத்தாலும் ஆழமாகப் போயிருக்கும்.

பசை விளிம்பு முழுக்கச் சின்னச் சின்ன மணியாக வெளியே வந்ததும் இறுக்குவதை நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் உள்ளே இருக்க வேண்டிய பசையும் வெளியே வந்துவிடும். சேலத்து மே மாத மதியத்தில் வெள்ளைப் பசைக்கு ஐந்தாறு நிமிஷத்தில் ஆடை கட்டும். ஆடை கட்டிய பிறகு சேர்த்த பலகை கையால் உடைத்தால் உடையும். ஒட்டும் வேலையைக் காலையில் வைத்துக்கொண்டு, பசை இல்லாமல் ஒருமுறை முழுதாக மாட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. ஏற்காட்டில் பிரச்சினை வேறு. மார்கழி இரவுக் குளிரில் வெள்ளைப் பசை தெளிவாகக் காயாமல் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். அப்படி வெளுத்த ஒட்டுக்குப் பலமில்லை. மரத்தையும் பசையையும் முந்தின நாளே வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள்.

அளவுச் சாமானில் செங்கோணம் பார்க்கும் நல்ல 6 இஞ்ச் இரும்பு மூலமட்டம் ஒன்றும், 12 இஞ்ச் எஃகு ஸ்கேல் ஒன்றும் போதும். மூலமட்டத்தைக் கடையிலேயே சோதிக்கலாம்: நேரான விளிம்புள்ள பலகையில் ஒரு கோடு, மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் விலகினால் அந்த விலகலில் பாதிதான் மட்டத்தின் பிசகு. டேப்பின் முனைக் கொக்கி ஆடுகிறதே என்று ஆணியைத் தட்டி இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. அது ஆட வேண்டியதுதான். உள்ளளவு எடுக்கும்போதும் வெளியளவு எடுக்கும்போதும் கொக்கியின் கனம் கணக்கில் சேராமல் இருக்கவே அந்த ஆட்டம். மூட்டு வெட்டும் கோட்டைப் பென்சிலால் போடாமல் கத்தியால் கீறுங்கள். கீறலில் உளி தானாக உட்காரும், பென்சில் கோட்டின் கனமே அரை மி.மீ. இருக்கும். தேய்ந்த பவர் ஹாக்ஸா பிளேடு ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் எடுத்துச் சாணை பிடித்தால் இதற்கு அருமையான கத்தி.

தீட்டுவதற்கு வருவோம். கடையில் வாங்கிய புது உளி தீட்டிய உளி அல்ல. தேவையானவை: முரட்டுப் பக்கமும் நைஸ் பக்கமும் உள்ள கார்போரண்டம் கல், 8 அல்லது 10 மி.மீ. கனக் கண்ணாடித் துண்டு, 400, 800, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர், ஒரு தோல் துண்டு, பச்சை பாலிஷ் கட்டி, உருளை வைத்த தீட்டும் பிடி. கண்ணாடி எதற்கென்றால், கல் நடுவில் குழி விழும், கண்ணாடி விழாது.

முதலில் உளியின் தட்டைப் பக்கம். நுனியிலிருந்து 1 இஞ்ச் மட்டும், கண்ணாடியில் ஒட்டிய 400-இல் தொடங்கி 2000 வரை, முகம் தெரிகிற மாதிரி வர வேண்டும். இதை ஒரு உளிக்கு ஒருமுறை செய்தால் போதும், சலிப்பாக இருந்தாலும் தவிர்க்க வழியில்லை. விளிம்பு என்பது இரண்டு முகங்கள் சந்திக்கும் இடம். ஒன்று மட்டும் பளபளத்தால் விளிம்பு கிடைக்காது. பிறகு சரிவுப் பக்கம்: 25 டிகிரியில் தீட்டி, நுனியை மட்டும் 30 டிகிரியில் நாலைந்து இழுப்பு. பக்கவாட்டில் இறுக்கும் சாதாரணத் தீட்டும் பிடியில் உளி 40 மி.மீ. வெளியே நீண்டால் 25 டிகிரி, 30 மி.மீ. என்றால் 30 டிகிரி. இழைப்புளித் தகட்டுக்கு அதே கணக்கு 50-ம் 38-ம். ஒவ்வொரு தடவையும் ஸ்கேல் வைத்து அளக்காமல், ஒரு பலகைத் துண்டில் இந்த நீளங்களுக்குத் தடுப்புக் கட்டை அறைந்து வைத்தால் வேலை சுலபம்.

சரிவைத் தீட்டும்போது, தட்டைப் பக்கத்து விளிம்பு முழுக்க விரலில் ஒரு சொரசொரப்பு தட்டும் வரை அடுத்த நம்பருக்குப் போகக் கூடாது. பலரும் தவறுவது இங்கேதான். நடுவில் மட்டும் தட்டிவிட்டு மூலையில் தட்டவில்லை என்றால் மூலை இன்னும் மொண்ணை. கடைசியில் தோலில் பச்சைக் கட்டி தேய்த்து, உளியைப் பின்னோக்கி மட்டும் இழுக்க வேண்டும். சில்வர் ஓக்கின் வெட்டுமுகத்தைச் சீவிப் பாருங்கள், மாவாக உதிராமல் ஏடாக வந்தால் தீட்டல் சரி. பெஞ்ச் கிரைண்டரில் பிடிக்கும்போது நுனி நீலமானால் அந்த இடத்தின் கடினம் போய்விட்டது. நீலம் உள்ள பகுதியை முழுக்கத் தேய்த்து எடுப்பதைத் தவிர வழியில்லை. விரல் வைக்க முடியாத சூடு வருவதற்கு முன்பே தண்ணீரில் நனையுங்கள்.

மின்சாரச் சாமானில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆங்கிள் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டுவதை விட்டுவிடுங்கள். மரம் பிளேடைக் கவ்வினால் மெஷின் நேராக மார்புக்கோ தொடைக்கோ திரும்பும். வேகமும் அந்த பிளேடுக்குப் பொருந்தாது. மார்பிள் கட்டரில் மரம் அறுப்பது நம்மூரில் சர்வசாதாரணம், அதுவும் மரத்துக்கென்று செய்த ரம்பத்துக்கு ஈடாகாது. 7 இஞ்ச் சர்க்குலர் ரம்பமும் 40 பல் பிளேடும், அதோடு நேர்ப்பலகை ஒன்றைக் கிளாம்ப் போட்டு வழிகாட்டியாக வைப்பதும் பாதுகாப்பு, வெட்டும் சுத்தம். நீட்டிப்பு ஒயர் 20 மீட்டர் என்றால் 1.5 சதுர மி.மீ. தாமிரத்துக்குக் குறைய வேண்டாம். சுருளாக வைத்தபடி ஓட்டினால் ஒயர் சூடேறும், முழுக்க விரித்துப் போடுங்கள். லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) இருக்கட்டும்.

ரூட்டர் (மரத்தில் பள்ளமும் விளிம்பு வடிவமும் வெட்டும் மெஷின்) வாங்குகிறவர்கள் கவனிக்க: சில மெஷினில் வருவது 6 மி.மீ. கோலெட் (பிட்டின் தண்டைப் பிடிக்கும் வாய்), கடையில் கிடைக்கும் பிட்டில் பாதி கால் இஞ்ச், அதாவது 6.35 மி.மீ. கால் இஞ்ச் பிட் 6 மி.மீ. கோலெட்டில் நுழையாது, அதோடு தொல்லை முடிந்தது. தலைகீழாக, 6 மி.மீ. பிட் கால் இஞ்ச் கோலெட்டில் நுழைந்துவிடும், எவ்வளவு இறுக்கினாலும் ஓடும்போது நழுவி வெளியே வரும். வெர்னியரில் அளந்து வாங்குங்கள். பிட்டை அடிவரை முட்டாமல் ஒரு நூல் தூக்கி இறுக்க வேண்டும்.

தூசி. மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. வாகைத் தூள் அன்றைக்கே தும்மலாகக் கணக்குத் தீர்க்கும், சில்வர் ஓக் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும். துணி முகமூடி போதாது, என்95 வேண்டும். வேக்குவம் கிளீனருக்கு முன்னால் மூடி போட்ட 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் சைக்ளோன் (காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் புனல்) ஒன்றை மாட்டினால் பெரும்பாலான தூள் வாளியில் விழுந்துவிடும், ஃபில்டர் அடைக்காது. வாளி மூடியைச் சுற்றிக் காற்றுக் கசிந்தால் ஒன்றும் விழாது, ரப்பர் பட்டி வைத்து அடையுங்கள்.

ஸ்க்ரூவுக்கு முன்துளை போடாமல் அடித்தால் சில்வர் ஓக் முனையில் பிளக்கும். 8-ம் நம்பர் ஸ்க்ரூவுக்குக் கீழ் மரத்தில் 3 மி.மீ., மேல் மரத்தில் நாலரை மி.மீ. மேல் துளையும் 3-ஆகவே இருந்தால் இரண்டு மரமும் சேராமல் நடுவில் சந்து நிற்கும். மேஜைப் பலகையைச் சட்டத்தோடு பூட்டும் இடத்தில் வட்டத் துளைக்குப் பதில் அகலவாக்கில் நீண்ட துளை போடுங்கள், முன்னே சொன்ன நாலரை மி.மீ. அங்கேதான் நகர வேண்டும்.

இரும்புச் சாமானில் துரு ஏறாமலிருக்க வேலை முடிந்ததும் தையல் மெஷின் எண்ணெய் நனைத்த துணியால் ஒரு துடைப்பு போதும். தேங்காய் எண்ணெய் ஏற்காட்டுக் குளிரில் உறைந்துபோகும், தூளையும் இழுத்து ஒட்டிவைத்துக்கொள்ளும். மலைமேல் பட்டறை வைத்திருப்பவர்கள் உளி, இழைப்புளித் தகடு, மூலமட்டம் மூன்றையும் திறந்த அலமாரியில் தொங்கவிட வேண்டாம். மூடி இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, பொட்டலத்தை மாதம் ஒருமுறை ஓவனில் மிதமான சூட்டில் காயவைத்துத் திரும்பப் போட்டால் மழைக்காலம் முழுக்கத் தாங்கும்.