கஞ்சி காய்ச்சும் கிழமை

2009 இறுதிப் போரில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்து, மே 18-க்கு முந்தின கிழமை சந்தியில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

ஒரு கிலோ அரிசிக்கு 12 லீற்றர் தண்ணீர். கொதித்து வற்றுவது போக, தேங்காய்ச் சிரட்டைக்கு கால் லீற்றர் என்று பார்த்தால் 40 பேருக்குக் காணும். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். தேங்காய்ப்பால் விட்டால் ருசிதான், ஆனால் அந்த வெயிலில் மத்தியானத்துக்குள் புளித்துவிடும். 2009-இல் பதுங்குகுழிப் பக்கம் வரிசையில் நின்று வாங்கியதும் வெறும் உப்புக்கஞ்சிதானே.

சிரட்டையில் கண் இல்லாத பாதியை மட்டும் எடுங்கோ. கண் உள்ள பாதி ஒழுகி, சின்னப்பிள்ளைகளின் கை வெந்துபோகும். தும்பைச் சுரண்டி, முதல்நாளே கொதிதண்ணீரில் ஊறப்போட வேண்டும்.

சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற காலம். தென்மேற்குப் பக்கம் தகரம் மறைக்காவிட்டால் நெருப்பு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடாரம் அடிப்பிடிக்கும். பிடித்தால் அகப்பையால் சுரண்டாதேங்கோ, மேல்கஞ்சியை வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கோ. இறுகினால் பச்சைத்தண்ணீர் விடாமல் சுடுதண்ணீர் விடுங்கோ.

கட்சிப் பதாகை வேண்டாம். ஒன்று கட்டினால் மற்றவர் வரமாட்டார், கஞ்சி மிஞ்சும்.

2024 மேயில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி காய்ச்சியவர்களைக் கைது செய்தார்கள். ஆகவே நீதிமன்றத் தடையுத்தரவு என்று யாரும் வந்தால் கடதாசியை வாங்கி, யாருடைய பெயருக்கு, எந்த இடத்துக்கு, எத்தனை நாளுக்கு என்று வாசித்துப் படமெடுத்து, உடனே சட்டத்தரணிக்கு அனுப்புங்கோ. சிங்களத்தில் மட்டும் இருந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.