விண்டோஸ் 11-க்கு மாறியதும் படுத்துவிட்ட லேப்டாப்: கடைக்காரர் சொன்னதும் உண்மைக் காரணமும்

விண்டோஸ் 11-க்கு மாறிய பிறகு லேப்டாப் நகரவே மாட்டேன் என்கிறதா? சர்வீஸ் கடைக்குக் கிளம்பும் முன் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே டிஸ்க் 100% என்று நின்று, சிபியு பத்து சதவீதத்தை ஒட்டியும் மெமரி பாதியை ஒட்டியும் இருந்தால், சந்தேகப்பட வேண்டியது ஹார்டு டிஸ்க்கைத்தான். இதைப் பார்க்காமல் கடை சொன்னதை நம்பியிருந்தால், என் அக்கா இந்நேரம் புது லேப்டாப்புக்குத் தவணை கட்டிக்கொண்டிருப்பார்.

அக்கா திண்டுக்கல்லில் டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பிளக்ஸ் என்று நாள் முழுக்க ஓடும் லேப்டாப் அது. 2018-இல் வாங்கியது. எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. வருகிறவர்கள் எல்லாரும் பென் டிரைவ் செருகுகிற கணினியைப் பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் வைத்திருக்க முடியாது, அதனால் மாற்றினோம். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருந்தது, சோதனையில் தகுதி உண்டு என்றே வந்தது, அப்கிரேடும் தகராறு இல்லாமல் முடிந்தது.

அந்தத் தகுதிப் பட்டியலில் ஒன்றைக் கவனியுங்கள். 4 ஜிபி ராம் வேண்டும், 64 ஜிபி இடம் வேண்டும் என்று கேட்பார்கள். அந்த இடம் எந்த வகை டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் பழைய ஹார்டு டிஸ்க்கும் தேறிவிடும். ஆனால் அது நொடிக்கு ஏறக்குறைய நூறு சின்னச் சின்ன வாசிப்புகளைத்தான் தாங்கும். சுற்றும் பாகமே இல்லாத புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி அதையே பல்லாயிரக் கணக்கில் செய்யும்.

அப்கிரேடு முடிந்த முதல் ஓரிரு நாள் மெதுவாக இருப்பது இயல்பு. பின்னால் தேடல் அட்டவணை தயாராகும், அப்டேட் இறங்கும், விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் எல்லாக் கோப்புகளையும் சோதிக்கும். சார்ஜரில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டால் அடங்கிவிடும். நாங்களும் பொறுத்துப் பார்த்தோம். அடங்கவில்லை. பத்திரிகை வடிவமைக்கும் கோரல்டிராவைத் திறந்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் பாதிதான் திறந்திருக்கும். முகூர்த்த நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. பத்திரிகைக்கு முன்பணம் கொடுத்தவர்கள் கடை வாசலிலேயே நின்றார்கள்.

சர்வீஸ் கடையில் கொடுத்தோம். மறுநாள் போனால், "அண்ணே, மதர்போர்டு போயிருச்சு. அதை மாத்துற காசுக்குப் புதுசே வாங்கிரலாம்" என்றார் அங்கிருந்தவர். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. "இப்போதைக்கு கிளீன் பண்ணி வெச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். அந்த கிளீன்தான் என்னை இன்னும் எரிச்சல்படுத்துகிறது. அப்கிரேடு ஆன பத்து நாளுக்குள் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெகவரி போய் 'கோ பேக்' அழுத்தினால் பழைய விண்டோஸ் 10-க்குத் திரும்பிவிடலாம். அதற்குத் தேவையான எல்லாம் விண்டோஸ்.ஓல்டு என்ற ஃபோல்டரில் இருக்கும். இடம் காலி செய்கிறேன் என்று அதை அழித்திருந்தார்கள். எங்களுக்கு நாள் மிச்சம் இருந்தது, வழி இல்லை. யாரிடம் கொடுத்தாலும் அந்த ஃபோல்டரைத் தொட வேண்டாம் என்று சொல்லியே கொடுங்கள்.

அடுத்து ஃபார்மேட் போடலாம் என்றார்கள். அதற்கு ஒரு தொகை, "ஒரிஜினல் கீ"க்குத் தனியாக ஒரு தொகை. அந்தக் கீ தேவையே இல்லை. ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன விண்டோஸின் டிஜிட்டல் உரிமம் மதர்போர்டை ஒட்டியது. டிஸ்க்கை மாற்றினாலும், ஃபார்மேட் போட்டாலும், அதே ஹோம் அல்லது ப்ரோ பதிப்பை நிறுவி இணையத்தில் இணைத்தால் தானாகவே ஆக்டிவேட் ஆகும். இதை நான் சொன்னதும் கீ பேச்சை விட்டுவிட்டார்கள். நான் லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டினேன். மஞ்சள் நிறத்தில் 'காஷன்'. 05 என்ற வரியிலும் சி5 என்ற வரியிலும் எண்கள் ஏறியிருந்தன. கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கிய செக்டர்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள்) ஒன்று, படிக்கத் திணறும் செக்டர்கள் இன்னொன்று. டிஸ்க் முன்பே நோயில் விழுந்திருக்கிறது. அப்கிரேடின்போது பல ஜிபி எழுதி, பிறகு எல்லாக் கோப்பையும் திரும்பப் படிக்க வைத்ததில் அது வெளியே தெரிந்துவிட்டது. இந்த நிலையில் உள்ள டிஸ்க்கில், பிழை பார்த்துச் சரிசெய்யும் விண்டோஸ் கருவியான செக் டிஸ்க்கை ஓட்டச் சொல்லி நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. கோப்புகளை வெளியே எடுக்கும் முன் அதைச் செய்யாதீர்கள். மணிக்கணக்கில் டிஸ்க்கைப் போட்டு அரைத்து, இருக்கிற உயிரையும் எடுத்துவிடும்.

டிடிபி வேலை செய்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. டாக்குமெண்ட்ஸை மட்டும் நகல் எடுத்தால் போதாது. சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் எடுங்கள். பழைய பத்திரிகைகள் எல்லாம் யுனிகோடு வராத காலத்துத் தமிழ் ஃபாண்ட்டில் அடித்தவை. அந்த ஃபாண்ட் போய்விட்டால் மணமக்கள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் குப்பையாக வந்து நிற்கும். சில ஃபாண்ட்டுகளை மறுபடி எங்கே தேடுவது என்றே தெரியாது. ஃபார்மேட் போடுகிறேன் என்ற கடையில் இதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எஸ்எஸ்டி வாங்கப் போன இடத்தில் இன்னொரு அலைச்சல். மாடல் எண்ணைச் சொல்லித்தான் கேட்டேன். போர்டில் எம்.2 என்ற சின்ன ஸ்லாட் காலியாக இருக்கும், அதில் போடுங்கள் என்று என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து மாட்டினால், விண்டோஸுக்கு முன்பே வரும் பயாஸ் திரையில் தெரியவே இல்லை. அந்த ஸ்லாட் சாட்டா வகை எஸ்எஸ்டியை மட்டும் ஏற்கும். இரண்டுக்கும் உருவம் கிட்டத்தட்ட ஒன்றுதான், பேசும் முறை வேறு. கவர் பிரித்ததை மாற்றித் தர மாட்டோம் என்று கடையில் நின்றார்கள். லேப்டாப் நிறுவனத் தளத்திலிருந்து சர்வீஸ் மேனுவலை இறக்கி, ஸ்லாட் விவரம் இருக்கும் பக்கத்தைக் காட்டி வாதாடினேன். கடைசியில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியாக மாற்றிக் கொடுத்தார்கள். அந்த மேனுவலை வாங்குவதற்கு முன்பே இறக்கி, கையோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.

பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு நகலெடுக்க, அதாவது குளோன் செய்யப் பார்த்தோம். கெட்ட செக்டரில் போய் நின்றுவிட்டது. சரி என்று வேறொரு கணினியில் 8 ஜிபி பென் டிரைவில் நிறுவல் கோப்பைத் தயாரித்து, புதிதாகவே போட்டேன். ப்ராடக்ட் கீ கேட்டபோது 'இல்லை' என்பதை அழுத்தினேன். வைஃபை இணைந்ததும் ஆக்டிவேட் ஆகிவிட்டது. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து புதிதாக நிறுவினால் பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகும், அதாவது பூட்டுப் போட்டதுபோல் ஆகிவிடும். அதன் 48 இலக்க மீட்பு எண் அந்தக் கணக்கில் இருக்கும். அதைத் தாளில் எழுதி பீரோவில் வையுங்கள்.

இப்போது பவர் பட்டனை அழுத்தி அக்கா நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. அதே போர்டு, அதே ராம். ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பட்டியலில் தேவையில்லாதவற்றை நிறுத்தினேன். கிளவுடுக்கு டெஸ்க்டாப் முழுவதையும் ஏற்றிக்கொண்டிருந்ததையும் நிறுத்தினேன். வேகம் வேண்டும் என்றால் மெமரி இன்டெக்ரிட்டியை அணைக்கச் சொல்கிறவர்களின் பேச்சை நான் கேட்கவில்லை. ஊர் பென் டிரைவ் எல்லாம் வந்துபோகும் கணினியில் அந்தப் பாதுகாப்பு இருந்தே ஆக வேண்டும்.

பழைய டிஸ்க்கைக் கொடுத்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம் என்று எஸ்எஸ்டி கடையில் கேட்டார்கள். கொடுக்கவில்லை. வாடிக்கையாளர்களின் ஆதார் நகலும் ஃபோன் எண்களும் அதில் கிடக்கின்றன.