இருக்கட்டும்

நான் எழுதிய ஒரு வீடியோ கேம் விமர்சனத்தில் ஒரு வரிக்கு மஞ்சள் அடித்து அனுப்பியிருந்தார் எடிட்டர். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி: "இது உனக்கு எப்படித் தெரியும்?"

"விளையாடினாலே தெரியும் மேடம். இருக்கட்டும்" என்று பதில் போட்டேன்.

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மறுநாள் காலை விமர்சனம் அப்படியே வெளிவந்தது. 10-க்கு 3. அந்த மூன்றைப் பற்றி எனக்கு அன்றைக்கும் சந்தேகம் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. யார் கேட்டாலும் உட்கார்ந்து விளக்குவேன். என்னை உறுத்துவது அந்த மஞ்சள் வரி.

"இதைச் செய்தவர்களுக்கே இதன்மேல் அக்கறை இல்லை. நமக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும்?"

நீளமான விமர்சனம் அது. அதில் இந்த ஓரிடத்தைத்தான் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பகிர்ந்தார்கள். மற்றதை எத்தனை பேர் படித்தார்களோ.

கேமின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் பலருக்கு நினைவிருக்காது. அது வேறு வருத்தம். ஒரு கிழவரைப் பாழடைந்த கோட்டை வழியாகப் பத்திரமாக அழைத்துப் போக வேண்டும், அவ்வளவுதான் கதை. இரண்டாவது லெவலில் ஒரு படிக்கட்டு வரும். கிழவர் மூன்றாவது படியில் நின்றுவிடுவார். பின்னால் போய் முட்டித் தள்ளினால் சில சமயம் ஏறுவார், சில சமயம் சுவருக்குள் போய்விடுவார். சுவருக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வரும்: "ஜாக்கிரதை, இங்கே ஆபத்து இருக்கிறது." முதல் தடவை சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஆறாவது தடவை சிரிப்பு வரவில்லை. குறுகிய தாழ்வாரங்களில் கேமரா சுவரின் மறுபக்கம் போய் நின்றுகொள்ளும். வசனம் ஒன்று, கீழே ஓடும் சப்டைட்டில் வேறொன்று. கடைசியாக, 11 மணி நேரம் ஆடிச் சேமித்து வைத்திருந்த சேவ், கேம் திடீரென்று நின்றுபோன ஒரே கிராஷில் போனது. இதற்கு மூன்று போட்டது கருணை என்று சொன்னவர்களும் உண்டு.

மோசமான கேமை விமர்சனம் செய்வதில் வெளியில் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. முதல் நான்கைந்து மணி நேரம் எரிச்சல்தான். அப்புறம் அது மெல்ல வேறொன்றாக மாறும். ஒவ்வொரு ஓட்டையும் எழுதப்போகும் ஒரு வரியாகத் தெரிய ஆரம்பிக்கும். கிழவர் சுவருக்குள் போகும்போது "ஐயோ" என்பதற்குப் பதில் "ஆகா" என்று மனம் குறித்துக்கொள்ளும். நல்ல கேமுக்கு எழுதும்போது பாராட்டுச் சொற்கள் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகும். திட்டுவதற்குத் தமிழில் பஞ்சமே கிடையாது. அந்த மஞ்சள் வரி இரவு இரண்டு மணிக்கு வந்தது. வந்தபோது எனக்குக் கிடைத்த சந்தோஷம் நன்றாக நினைவிருக்கிறது. கோபத்தில் எழுதினேன் என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கோபம் அதற்குள் தணிந்துவிட்டிருந்தது.

விமர்சனம் வந்து நான்காம் நாள் ஒரு மின்னஞ்சல். ஸ்டூடியோவின் விளம்பரப் பிரிவிலிருந்து அல்ல, அங்கே வேலை செய்யும் ஒருவரின் சொந்த முகவரியிலிருந்து. மூன்றே வரி. விமர்சனத்தைப் படித்தேன், மதிப்பெண் நியாயம்தான், ஆனால் அக்கறை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த இடத்தில் அப்படித் தோன்றியது என்று சொன்னால் உதவியாக இருக்கும். இதுதான் சாரம். கிண்டலா, கோபமா, நிஜமாகவே கேட்கிறாரா என்று திரும்பத் திரும்பப் படித்தேன். கிண்டலாக இருந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்தேன். எதுவும் பிடிபடவில்லை.

என் பதிலை அன்றே அனுப்பினேன். 14 குறைகள், எண் போட்டு, எந்த லெவலில் எந்த நிமிடத்தில் என்ற விவரத்தோடு. மூன்றாவது படி, தாழ்வாரத்துக் கேமரா, சப்டைட்டில், சேவ், எல்லாம். உழைத்துச் செய்த பட்டியல் அது, பெருமையாகக்கூட இருந்தது.

அக்கறை எங்கே இல்லை என்று கேட்டவருக்குக் குறை எங்கே இருக்கிறது என்று பதில் அனுப்பியிருக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல என்பது அனுப்பும்போதே எனக்கு மங்கலாகத் தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். இல்லாவிட்டால் ஏன் அவ்வளவு நீளமாக எழுத வேண்டும்?

மறுபடி அவர் எழுதினார். "நன்றி. இதில் 13 எங்கள் பட்டியலில் ஏற்கெனவே இருக்கின்றன. ஏழாவது புதிது, அதற்குத் தனி நன்றி."

அதோடு நின்றுவிட்டது. நானும் எழுதவில்லை, அவரும் எழுதவில்லை.

13 ஏற்கெனவே தெரியும் என்றால் என்ன பொருள்? இந்தத் துறையில் எழுதுகிற யாருக்கும் தெரிந்ததுதான். எந்தக் கேமும் பக் (நிரல் பிழை) இல்லாமல் வெளிவருவதில்லை. எல்லாம் ஒரு பட்டியலில் இருக்கும். கிராஷ் ஆவது முதலில், ஆட்டத்தை மேலே போகவிடாமல் தடுப்பது அடுத்து, கண்ணை உறுத்துவது கடைசியில். வெளியீட்டுத் தேதி நெருங்க நெருங்க ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று உடையும் என்ற பயத்தில் கையை வைக்கவே விடமாட்டார்கள். பிளேஸ்டேஷன் போன்ற கன்சோல்களைச் செய்யும் நிறுவனங்களின் சோதனைக்கு அனுப்பிவிட்ட பதிப்பில் தொடுவது இன்னும் கஷ்டம். யாரோ ஒருவர் அந்தப் படிக்கட்டைக் கண்டுபிடித்து, எழுதிவைத்து, "இப்போதைக்கு வேண்டாம்" என்று மேலிருந்து பதில் வாங்கியிருப்பார். அதாவது மூன்றாவது படியைப் பற்றி என்னைவிட அதிகமாக வருத்தப்பட்ட ஒருவர் அங்கே இருந்திருக்கலாம். இது எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்தேதான் "இருக்கட்டும்" என்றேன்.

சரி, மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். நான் யாருக்காக எழுதுகிறேன்? காசு கொடுத்து வாங்கப்போகிறவருக்காக. செய்தவர் அழுதுகொண்டே செய்தாரா சிரித்துக்கொண்டே செய்தாரா என்பது அவருக்குத் தேவையில்லை. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 என்ற கேம் வந்தபோது விமர்சகர்களுக்கு முன்கூட்டிக் கொடுத்தது கணினிப் பதிப்பு மட்டும். பாராட்டுகள் குவிந்தன. பழைய கன்சோல்களில் அது எந்த லட்சணத்தில் ஓடியது என்பது வாங்கிய பிறகுதான் மக்களுக்குத் தெரிந்தது. வெளிவந்து சுமார் ஒரு வாரத்தில் சோனி தன் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. திரும்ப வந்தது 2021 ஜூனில். அன்றைக்குப் பாராட்டி எழுதியவர்களில் எத்தனை பேருக்குத் தூக்கம் கெட்டிருக்கும்? மென்மையாக எழுதினாலும் யாரோ ஒருவர் அதற்கு விலை கொடுக்கிறார். அவர் மின்னஞ்சல் அனுப்புவதில்லை, அவ்வளவுதான்.

இந்த வாதம் சரியானதுதான். ஆனால் இது என் மூன்றைக் காப்பாற்றுகிறதே தவிர அந்த வரியைக் காப்பாற்றவில்லை. "கிழவர் படியில் நிற்கிறார், வாங்காதீர்கள்" என்று எழுதினாலே வாங்குகிறவர் பிழைத்துக்கொண்டிருப்பார்.

ஏலியன்ஸ்: கலோனியல் மரீன்ஸ் என்ற கேம் பற்றி ஒரு கதை உண்டு. 2013-இல் வந்தது. வேற்றுக்கிரகப் பிராணிகள் முட்டாள்தனமாக நேரே ஓடிவந்து துப்பாக்கிக்கு முன்னால் நிற்கும். எல்லோரும் கிழித்தார்கள். ஐந்து வருடம் கழித்து, 2018-இல், செய்தி பரவியது: அமைப்புக் கோப்பு ஒன்றில் 'டெதர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் 'ஏ' என்ற எழுத்து கூடுதலாக விழுந்திருக்கிறது. அந்த ஒரு எழுத்தை எடுத்துவிட்டால் பிராணிகளின் நடத்தை தெளிவாகவே தேறுகிறது. அதைக் கண்டுபிடித்தது அந்தக் கேமைத் தன் போக்கில் திருத்திக்கொண்டிருந்த ஒரு விளையாட்டுக்காரர்.

இதை நான் எனக்கு எதிராகவும் எடுத்துக்கொள்ளலாம், எனக்குச் சாதகமாகவும் எடுத்துக்கொள்ளலாம். பிராணிகள் முட்டாள்கள் என்று 2013-இல் எழுதியவர்கள் பார்த்ததைத்தான் எழுதினார்கள், அதில் தப்பில்லை. காரணம் ஒரு எழுத்து என்பது வெளியிலிருந்த யாருக்கும் தெரியாது. ஆக, திரையில் நடப்பதைச் சொல், அதற்குப் பின்னால் இருக்கும் மனசைச் சொல்லாதே. இது ஒரு பாடம் மாதிரி இருக்கிறது. அடுத்த நிமிடமே தோன்றும்: ஒரு எழுத்தை நான்கைந்து வருடம் யாரும் பார்க்கவில்லை என்றால் அதற்குப் பெயர் என்ன? அக்கறையின்மை இல்லையா?

அப்படியே திரையில் நடப்பதை மட்டும் எழுதினால் அது விமர்சனமாக இருக்காது, பக் பட்டியலாகத்தான் இருக்கும். அந்த 14 வரிகளை மாதிரி. 2003-இல் வந்த பிக் ரிக்ஸ் என்ற லாரிப் பந்தயத்தில் எதிரி லாரி கிளம்பவே கிளம்பாது. கட்டடங்களுக்குள் புகுந்து வெளியே வரலாம். பின்னோக்கி ஓட்டினால் வேகத்துக்கு எல்லையே கிடையாது. ஜெயித்ததும் வருகிற வாழ்த்தில் இலக்கணப் பிழை. இதைப் பார்த்தும் "அக்கறை" என்ற சொல்லை வாயிலிருந்து எடுக்கக் கூடாது என்றால், விமர்சகன் எதற்கு? ஒரு சட்டையைத் தொட்டுப் பார்த்ததும் தையல்காரர் எந்த மனநிலையில் தைத்தார் என்று கைக்குத் தெரியும் என்பார்கள். தெரியுமா, தெரிவதுபோல் இருக்குமா?

அட்டாரி நிறுவனத்தின் ஈ.டி. கேமை ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா சுமார் ஐந்து வாரத்தில் செய்தார். 1982-இன் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வந்தாக வேண்டும் என்பதுதான் காரணம். உலகத்தின் மிக மோசமான கேம் என்று அதைப் பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தோம். விற்காத கார்ட்ரிட்ஜ்களை (கேம் பதிந்த பெட்டிகளை) அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள அலமொகோர்டோவில் புதைத்ததையும் 2014-இல் தோண்டி எடுத்ததையும் நானே கேலியாக எழுதியிருக்கிறேன். அந்தக் கட்டுரையில் 'ஐந்து வாரம்' என்ற விவரத்தைச் சிரிப்புக்குத்தான் பயன்படுத்தினேன்.

அந்த மூன்றுக்காக நானும் எடிட்டரும் அரைமணி நேரம் பேசினோம் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றா, நான்கா? நான் மூன்று என்றேன். சேவ் போனதற்கு எவ்வளவு கழிக்கலாம், எல்லோருக்கும் போகுமா, என் கணினியில் மட்டும் போனதா என்று கேட்டுக் குடைந்தார். எண்ணின் கனம் எங்கள் இருவருக்கும் தெரியும். ஃபால்அவுட்: நியூ வேகஸ் என்ற கேம், விமர்சகர்களின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி காட்டும் மெட்டாக்ரிட்டிக் தளத்தில் 85 வாங்கினால்தான் அதைச் செய்த அப்சிடியனுக்கு போனஸ் என்று ஒப்பந்தம்; கிடைத்தது 84. அந்த நிறுவனத்தின் கிறிஸ் அவெலோன் 2012-இல் இதை வெளிப்படையாகச் சொன்னார். அதிலிருந்து மதிப்பெண் போடும்போதெல்லாம் அந்த ஒரு புள்ளி எனக்கு நினைவு வரும். அதை நினைத்து மதிப்பெண் போடக் கூடாது என்பதும் கூடவே நினைவு வரும். இத்தனை யோசனையும் எண்ணுக்கு. ஒருவருடைய நேர்மையைப் பற்றிய வரிக்கு ஒரு "இருக்கட்டும்".

என் குறிப்பேட்டில் இன்னொன்றும் இருக்கிறது. "காலடிச் சத்தம் பிரமாதம்" என்று முதல் நாளே எழுதியிருக்கிறேன். மரப்பலகை, ஈரக் கல், சரளை, தண்ணீர் தேங்கிய இடம், ஒவ்வொன்றிலும் சத்தம் வேறு. கிழவரின் நடை ஒரு காலில் கொஞ்சம் அழுத்தம். கண்ணை மூடிக்கொண்டால் அவர் எவ்வளவு பின்னால் வருகிறார் என்று சொல்லிவிடலாம். விமர்சனத்தில் இதைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். பிறகு எடுத்துவிட்டேன். நீளம் அதிகமாகிவிட்டது என்று அன்றைக்கு எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பத்தி இருந்தால் மஞ்சள் வரி நிற்காது. இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும்.

மின்னஞ்சல் அனுப்பியவர் என்ன வேலை செய்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. ஆனால் நினைக்கும்போதெல்லாம் காலடிச் சத்தம் செய்தவர் அவர்தான் என்றே மனம் வைத்துக்கொள்கிறது. ஆதாரம் எதுவும் கிடையாது. கணக்குப் பிரிவில் இருந்தவராகக்கூட இருக்கலாம். ஒருவரைப் பற்றித் தெரியாமல் எழுதிவிட்டோமே என்ற உறுத்தலில் இருந்துகொண்டே இன்னொருவரைப் பற்றித் தெரியாமல் கற்பனை செய்துகொண்டிருக்கிறேன்.

ஒரு வருடம் கழித்து எடிட்டரிடம் இந்த மின்னஞ்சல்களைக் காட்டினேன். "அன்றைக்கே கேட்டேன் இல்லையா" என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படித்துவிட்டு, "நல்ல வரிப்பா அது. அதனாலதான் நானும் விட்டுட்டேன்" என்றார்.

குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். எங்கள் இருவர் கையிலும் மோதிரம் எதுவும் இல்லை, நல்ல வரி மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சில மாதங்கள் ஒழுங்காக இருந்தேன். திரையில் நடந்தது, எனக்குத் தோன்றியது என்று பிரித்துப் பிரித்து எழுதினேன். சப்பென்று இருந்தது. ஒருவர்கூட ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. அது நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் இன்னொரு மோசமான கேம் கைக்கு வந்தது. இரவு எழுதிக்கொண்டிருந்தபோது, "முடிக்க விருப்பமில்லாதவர்கள் முடித்துக் கொடுத்த வேலை" என்று ஒரு வரி விழுந்தது. இந்த முறை நானே மஞ்சள் அடித்தேன். அழித்தேன். பத்தி ஒரு கால் போன நாற்காலி மாதிரி சாய்ந்து நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வரியைத் திரும்பச் சேர்த்தேன். கடைசியில் "போலத் தோன்றுகிறது" என்று இரண்டு சொல் கூட்டிக்கொண்டேன்.