நெயில் கன் வாங்கும்போது மகசினைப் பாருங்கள்

மாரி தொடங்குமுன் வீட்டு யன்னல்கள் எல்லாவற்றுக்கும் நுளம்புவலை அடித்து முடிப்பதுதான் இந்த வருடத் திட்டம். யாழ்ப்பாணத்தில் ஐப்பசி மழை விழுந்த கையோடு டெங்குக் கதையும் வந்துவிடும். சட்டத்தை வேப்பமரத்தில் செய்து, வலையை இழுத்துப் பிடித்து, மேலே பீடிங் என்ற மெல்லிய மரக்கீலத்தை வைத்து ஆணி அடிக்கவேண்டும். ஒரு கை வலையைப் பிடிக்க, மறு கை பீடிங்கைப் பிடிக்க, சுத்தியலுக்குக் கை மிஞ்சாது. அதனால் கொம்பிரசர் காற்றில் ஆணி அடிக்கும் 18 கேஜ் நெயில் கன்னுக்கு மாறினேன். கேஜ் என்பது ஆணித் தடிப்பின் அளவு.

ஸ்ரான்லி வீதி இரும்புக்கடைகளில் விசாரித்தால் எத்தனை பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் தாங்கும், 30 மில்லிமீற்றர் ஆணியா 50 வரை போடலாமா, எத்தனை மாத உத்தரவாதம் என்றுதான் சொல்வார்கள். ஆணிகளை வைத்து ஒவ்வொன்றாக முன்னுக்குத் தள்ளிக் கொடுக்கும் மகசினைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. பக்கத்து ஒழுங்கையில் தச்சுவேலை செய்யும் அண்ணைதான் அதைச் சொன்னார்: “தம்பி, அடி எல்லாக் கன்னும் அடிக்கும். அடுத்த ஆணி ஒழுங்கா வந்து நிக்குதோ எண்டு பாரும்.” வேலை செய்யச் செய்ய அந்தச் சொல்லின் பெறுமதி விளங்குகிறது. காற்றழுத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மகசின் சரியில்லாத கன்னை வைத்து எதுவும் செய்யமுடியாது.

18 கேஜ் ஆணி தனித்தனியாக வருவதில்லை. 100 ஆணிகளைப் பசையால் ஒட்டி ஒரு பட்டியாகத் தருகிறார்கள். பட்டியை மகசினுக்குள் வைத்து மூடினால், பின்னால் இருக்கும் தள்ளியை ஸ்பிறிங் முன்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். விசையை அமத்தியதும் அடிக்கும் தகடு கீழே பாய்ந்து, முன்னால் நிற்கும் ஒரேயொரு ஆணியைப் பசையிலிருந்து வெட்டிப் பிரித்து மரத்துக்குள் இறக்கும். தகடு மேலே திரும்பிய அந்தக் கணத்தில் அடுத்த ஆணி வந்து நிற்கவேண்டும். ஆணியின் தடிப்பு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான். மகசின் வாய்க்கும் ஆணி வெளியேறும் மூக்குத் தகட்டுக்கும் இடையில் அரை மில்லிமீற்றர் இடைவெளி விழுந்தாலும் இரண்டாவது ஆணி பாதி உள்ளே, பாதி வெளியே என்று சரிந்து நிற்கும். தகடு அதன் தலையில் இறங்க, இரண்டு ஆணியும் முறுகிச் சிக்கிவிடும்.

இரவல் வாங்கிய ஒரு கன்னில் இதைக் கண்ணால் பார்த்தேன். முழுப் பட்டி இருக்கும்வரை ஒழுங்காக அடித்தது. பட்டி முடியும் தறுவாயில்தான் சிக்கத் தொடங்கும். காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு மகசினைத் திறந்து பார்த்தால், தள்ளியின் முகத்தில் ஆணி முட்டும் இடத்தில் மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது. தள்ளி மென்மையான பிளாஸ்ரிக். பட்டி நீளமாக இருந்தால் தன் நீளத்தாலேயே நேராக நிற்கும். ஐந்தாறு ஆணிகள் மட்டும் மிஞ்சும்போது அவற்றை நேராக நிறுத்துவது தள்ளியின் முகம்தான். அது தேய்ந்தால் ஆணித்துண்டு ஒருபக்கம் சாயும். கன்னின் உடம்பு, சிலிண்டர், ரப்பர் வளையம் எல்லாம் நல்ல நிலையில் இருந்தும் அந்தச் சின்னத் துண்டால் முழுக் கன்னும் பயனில்லாமல் கிடந்தது.

துப்பாக்கிகளிலும் இதே கதைதான். அடுத்த தோட்டாவைத் தானாகவே ஏற்றும் ஷொட்கன்களில் பெரும்பாலானவற்றுக்குக் குழலின் கீழே நீளக் குழாய் மகசின். உருசியாவின் சைகா-12 போன்றவற்றுக்குத்தான் கழற்றிப் பூட்டும் பெட்டி மகசின். 12 போர் தோட்டாவுக்குப் பின்னால் விளிம்பு உண்டு, உடம்பு பிளாஸ்ரிக். பெட்டிக்குள் நெடுநாள் அமுங்கிக் கிடந்தால் அந்த உடம்பு வடிவம் மாறும், பிறகு ஏறும்போது தடக்கும். அங்கேயும் ஸ்பிறிங், தள்ளி, வாயின் உதடுகள் ஆகிய மூன்றும்தான் மகசினின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. நெயில் கன் செய்பவர்கள் இந்த மூன்றுக்கும் எவ்வளவு கவனம் கொடுத்திருக்கிறார்கள் என்பதைக் கடையிலேயே, காற்றில்லாமலே கண்டுபிடிக்கலாம்.

நான் செய்வது இப்படி. முதலில் மகசினின் பின்முனையைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பார்ப்பேன். மூக்குப் பக்கம் அசைவு தெரிந்தால் அந்தக் கன்னைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு தள்ளியைப் பின்னுக்கு இழுத்து, விரலை எடுக்காமல் மெதுவாக முன்னுக்கு விடுவேன். தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே இழுவை இருக்கவேண்டும். சுருட்டிய தகட்டு ஸ்பிறிங் போட்டவற்றில் இந்த இழுவை சீராக இருக்கிறது. சுருள் கம்பி ஸ்பிறிங் நிறைந்த பட்டியில் பலமாகத் தள்ளும், பட்டி குறையக் குறைய தளரும். கடைசி ஆணிகள் சிக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்து, ஆணி சறுக்கும் தண்டவாளம் உருக்கா, வெறும் அலுமினியமா என்று பார்ப்பேன். உடம்பு அலுமினியமாக இருப்பதில் பிழையில்லை, பாரமும் குறையும். ஆனால் ஆணி உரசும் இடம் உருக்காக இருக்கவேண்டும். கையில் ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோனால் போதும், கடைக்காரரிடம் கேட்கவே தேவையில்லை.

கடைசியாக, ஒரு பட்டியிலிருந்து ஐந்தாறு ஆணியை மட்டும் உடைத்து உள்ளே போட்டு, மூடி, கன்னைத் தலைகீழாகவும் பக்கவாட்டாகவும் பிடித்துவிட்டு மறுபடி திறந்து பார்ப்பேன். ஆணிகள் வாயில் ஒட்டி நேராக நின்றால் நல்ல மகசின். கடைக்காரர் முகம் சுளித்தாலும் இதைச் செய்யாமல் வாங்காதீர்கள். முழுப் பட்டியைப் போட்டுக் காட்டுவது எந்தக் கன்னையும் நல்லதாகக் காட்டும்.

மூக்கைத் திறக்கும் முறையும் முக்கியம். சிலவற்றில் அலன் சாவியால் இரண்டு திருகாணி கழற்றவேண்டும், சிலவற்றில் ஒரு லீவரைத் தூக்கினால் திறக்கும். லீவர் உள்ளதுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். எது என்றாலும் காற்றுக் குழாயைக் கழற்றாமல் மூக்கில் கை வைக்கவே கூடாது.

யாழ்ப்பாணத்துக்கென்று இன்னொரு தலையிடி உண்டு, உப்புக் காற்று. குருநகர்ப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் திறந்தபடி கிடந்த ஆணிப் பெட்டியில் மேல்வரிசைப் பட்டிகள் மண்ணிறமாகியிருந்தன. நாகமுலாம் பூசிய ஆணிதான், ஆனாலும் வெட்டுமுனையிலிருந்து துரு ஏறிவிடுகிறது. துருப்பிடித்த பட்டி தடிப்பு மாறி, தண்டவாளத்தில் இழுபடும். நல்ல மகசினும் அங்கே தோற்றுப்போகும். நான் பட்டிகளை இறுக்கமான மூடியுள்ள போத்தலில், மருந்துப் போத்தலில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் மகசினில் ஒரு ஆணிகூட விடுவதில்லை. கொம்பிரசர் தாங்கியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரையும் வடித்துவிடுகிறேன். மாரியில் வடியும் தண்ணீரைப் பார்த்தால் அவ்வளவும் கன்னுக்குள் போயிருக்குமே என்று நெஞ்சு பதறும்.

எண்ணெய் காற்று நுழையும் வாயில் இரண்டு மூன்று துளி, அவ்வளவுதான். மகசினுக்குள் விட்டால் வேப்பந்தூள் ஒட்டிச் சேறாகிவிடும். அங்கே மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பசைக் கறையைத் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றினால் போதும். பிளாஸ்ரிக் தள்ளி என்றால் அதில் மண்ணெண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேம்பில் எல்லாம் சுமுகம். பனம்பலகையில் நிலைமை வேறு. கறுப்பு நார் இரும்பு மாதிரி, ஆணி அதில் முட்டி நாரோடு வளைந்து பக்கத்தால் வெளியே வருகிறது. இது மகசினின் குற்றம் இல்லை. கன்னின் முகத்தைத் திருப்பிப் பிடித்தும் அழுத்தத்தைக் கூட்டியும் பார்க்கிறேன், இன்னும் திருப்தியில்லை. பீடிங்கைப் பிடிக்கும் மற்றக் கை அந்தப் பக்கம் இருக்கவே கூடாது.

இப்போது கையில் இருப்பது உருக்குத் தண்டவாளமும் உலோகத் தள்ளியும் உள்ள, லீவரால் திறக்கும் கன். குசினி யன்னல்கள் முடிந்துவிட்டன, படுக்கையறைப் பக்கம் நடக்கிறது. பணம் கொடுக்குமுன் ஸ்பிறிங், தள்ளி, மூக்குத் தகடு மூன்றும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, ஸ்பிறிங்கும் தள்ளியும் ஒவ்வொன்று அப்போதே வாங்கி வைத்தேன். கதவு நிலைக்கு 16 கேஜ் தேவைப்படும். அதைப் பார்க்கப் போகும்போதும் அதே காந்தத்தோடும் ஆணித்துண்டோடும்தான் போவேன்.