புட் லாபத்தில் இருக்கிறது, எக்ஸர்சைஸ் செய்யலாமா?

போன வாரம் தம்பி போனில் கேட்ட கேள்விதான் தலைப்பு. "அவசரப்படாதே, அந்தப் புட் இப்போது சந்தையில் என்ன விலைக்குப் போகிறது, அதை முதலில் பார்" என்றேன்.

புட் ஆப்ஷன் என்பது ஒரு பங்கை முன்பே பேசிய விலைக்கு (அதுதான் ஸ்டிரைக் விலை), ஒரு கெடுவுக்கு உட்பட்டு, விற்கும் உரிமை. 100 ஸ்டிரைக் விலையில் ஒரு புட் வாங்கினால், பங்கு எவ்வளவு விழுந்தாலும் அதை 100-க்கு வாங்கிக்கொள்ள எதிரில் ஒருவர் கட்டுப்பட்டிருக்கிறார். அப்படிக் கட்டுப்படுவதற்கு அவர் வாங்கும் கூலிதான் பிரீமியம். "இந்தா பங்கு, கொடு 100" என்று கேட்பது எக்ஸர்சைஸ். கெடுவுக்குள் என்றைக்கு வேண்டுமானாலும் கேட்கலாம் என்றால் அமெரிக்க வகை, கெடு நாளில் மட்டும் என்றால் ஐரோப்பிய வகை. பெயருக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை.

தம்பியுடையது அமெரிக்க வகை, ஸ்டிரைக் விலை அதே 100. பிரீமியம் 4. பங்கு 88-க்கு இறங்கியிருந்தது, கெடுவுக்கு இன்னும் நாள் இருந்தது. எக்ஸர்சைஸ் செய்தால் புட்டால் கிடைப்பது 12. ஆனால் புட்டையே சந்தையில் 14-க்குக் கேட்கிறார்கள். அந்தக் கூடுதல் 2, மிச்சமிருக்கும் நாட்களுக்கான விலை. எக்ஸர்சைஸ் செய்த நொடியில் அது போய்விடும்.

"பங்கை விற்கத்தானே புட் வாங்கினேன்?" என்றான். சரி, விற்றுக்கொள். பங்கை 88-க்கும் புட்டை 14-க்கும் தனித்தனியாக விற்றால் கையில் 102. எக்ஸர்சைஸ் செய்தால் 100. கொடுத்த 4 எப்படியும் போனதுதான், இந்த முடிவுக்குள் அதை இழுக்கத் தேவையில்லை. புட்டைக் காப்பீடு என்று சொல்வார்கள், பாதிதான் சரி. விபத்து நடந்த பிறகு பாலிசியை அடுத்தவருக்கு விற்க முடியுமா? புட்டை விற்கலாம்.

விதிவிலக்கு உண்டு. பங்கு 5-க்கு விழுந்துவிட்டது என்று வையுங்கள். இதற்கு மேல் விழ 5-தான் பாக்கி. காத்திருந்து பெரிதாக ஒன்றும் கிடைக்காது. 100-ஐ இன்றே வாங்கிப் போட்டால் வட்டியாவது வரும். இந்த மாதிரி புட்டுக்கு வாங்குபவர்களும் குறைவு, 95-க்கும் கீழேதான் கேட்பார்கள். அப்போது தாராளமாக எக்ஸர்சைஸ் செய்யலாம்.

கெடு நாளில்தான் உண்மையான கவனம் வேண்டும். லாபத்தில் முடியும் புட்டைப் பல சந்தைகளில் தானாகவே எக்ஸர்சைஸ் செய்துவிடுவார்கள். இண்டெக்ஸ் புட் (தனிப் பங்கின் மேல் இல்லாமல் சந்தைக் குறியீட்டின் மேல் எழுதியது) என்றால் பெரும்பாலும் வித்தியாசம் பணமாகக் கணக்கில் வரும், தொல்லையில்லை. பங்கின் மேல் எழுதிய புட் என்றால் பங்கையே கொடுக்க வேண்டியிருக்கலாம். கையில் பங்கு இல்லாவிட்டால் ஷார்ட் பொசிஷனோ (கையில் இல்லாத பங்கை விற்றுவிட்டுக் கடன்பட்டு நிற்பது) அபராதமோ வந்து நிற்கும். சந்தைக்குச் சந்தை, புரோக்கருக்குப் புரோக்கர் இது மாறும். உங்கள் புரோக்கரிடம் கெடுவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்: தானாக எக்ஸர்சைஸ் ஆகுமா, வேண்டாம் என்று சொல்ல முடியுமா, எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும்?