வராத மெசேஜை யார் கவனிப்பது? என்8என், ஸ்லாக் இணைப்பு

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராணிப்பேட்டையிலிருந்து தோல் லாட் வந்து இறங்குகிறது. ஸ்டோரில் இருப்பவர் கூகுள் ஷீட்டில் ஆர்ட்டிகிள் நம்பர், லாட் நம்பர், சதுர அடி, கழிவு எவ்வளவு என்று ஒரு வரி போடுகிறார். வேலூர் ஆபீசில் இருப்பவருக்கு அது உடனே தெரிந்தால்தான் கட்டிங்குக்கு ஆள் ஒதுக்க முடியும். அந்த வரியை என்8என் (வேலைகளைத் தானாக ஓட்டும் மென்பொருள்) எடுத்து ஸ்லாக்கில் (ஆபீஸ் சாட் ஆப்) போட வேண்டும். இணைப்பது அரை மணி நேர வேலை. ஆனால் இந்த இணைப்பு அறுந்தால் சத்தமே வராது. தோல் வரவில்லை போல என்று ஆபீசில் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

முதலில் ஸ்லாக் பக்கம். டெவலப்பர் தளத்தில் புது ஆப் ஒன்றை உருவாக்கி, 'ஓஆத் அண்ட் பெர்மிஷன்ஸ்' பகுதியில் பாட் (உங்களுக்காக மெசேஜ் போடும் தானியங்கிக் கணக்கு) டோக்கனுக்கான ஸ்கோப்களை, அதாவது அனுமதிகளை, சேருங்கள். மெசேஜ் அனுப்ப 'சாட்:ரைட்', சேனல் பட்டியலைப் பார்க்க 'சேனல்ஸ்:ரீட்'. இந்த இரண்டு போதும். பிறகு ஒர்க்ஸ்பேஸில் இன்ஸ்டால் செய்தால் 'எக்ஸ்ஓஎக்ஸ்பி' என்று தொடங்கும் டோக்கன் (பாட்டுக்கான ரகசியச் சாவி) கிடைக்கும். அதை என்8என்னில் ஸ்லாக் கிரெடென்ஷியலாகப் போட்டுவிடலாம். பின்னால் ஒரு ஸ்கோப் சேர்த்தால் ஆப்பை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டும். இல்லையென்றால் 'மிஸ்ஸிங் ஸ்கோப்' என்றே திரும்பத் திரும்ப வரும்.

பாட்டை சேனலுக்குள் அழைக்க மறப்பவர்கள்தான் அதிகம். சேனலில் '/இன்வைட்' கொடுத்து பாட்டைச் சேர்க்காவிட்டால் 'நாட் இன் சேனல்' என்ற பிழை வரும். என்8என்னில் சேனலைப் பெயரால் குறிக்காமல் ஐடியால் குறியுங்கள். நாளைக்கு யாராவது சேனல் பெயரை மாற்றினாலும் ஐடி மாறாது.

என்8என்னில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கட்டம், அதன் பெயர் நோட். ஸ்லாக் நோடை விட்டுவிட்டு எச்டிடிபி ரிக்வெஸ்ட் நோடில் நேரடியாக அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெசேஜ் போகாவிட்டாலும் ஸ்லாக் பல நேரம் 200, அதாவது 'சரி', என்றே பதில் தரும். தோல்வி உள்ளே 'ஓகே: ஃபால்ஸ்' என்று எழுதியிருக்கும். நோட் பச்சையாகத் தெரியும், சேனலில் ஒன்றும் இருக்காது. அடுத்து ஒரு இஃப் நோட் வைத்து அந்த 'ஓகே'யைச் சோதித்தே ஆக வேண்டும்.

ஒர்க்ஃப்ளோவை (நோடுகளின் தொடரை) தொடங்கிவைக்கும் கூகுள் ஷீட் டிரிகரை 'வரி சேர்க்கப்பட்டால்' என்று வைத்து, ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஷீட்டைப் படிக்க அனுமதி வாங்க கூகுள் பக்கம் நீங்கள் உருவாக்கிய ஓஆத் ஆப், வெளியாருக்கான வகையில் 'டெஸ்டிங்' நிலையிலேயே கிடந்தால், அனுமதியைப் புதுப்பிக்கும் அதன் ரெஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதியாகும். திங்கட்கிழமை இணைத்தது அடுத்த திங்கட்கிழமை நின்றுவிடும். ஸ்லாக் பக்கம் எவ்வளவு தேடினாலும் கோளாறு கிடைக்காது. 'புரொடக்‌ஷன்' நிலைக்கு மாற்றி ஒரு முறை மறுபடி லாகின் செய்துவிட்டால் தீர்ந்தது.

ஒரே நேரத்தில் 40 வரி வந்தால் 40 மெசேஜ் போகும், ஏனென்றால் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் நோட் ஒரு முறை ஓடும். ஸ்லாக்கோ ஒரு சேனலுக்கு நொடிக்கு ஏறத்தாழ ஒரு மெசேஜ்தான் ஏற்கும். மீறினால் 429 என்ற பிழை வரும். அக்ரிகேட் நோட் வைத்து எல்லாவற்றையும் ஒரே மெசேஜாகக் கட்டுங்கள். எண்ணிக்கை வரம்பைவிட எனக்குப் பெரிய கவலை வேறு: 40 மெசேஜ் வரும் சேனலை ஒரே வாரத்தில் எல்லோரும் மியூட் செய்துவிடுவார்கள். கழிவு அளவு தாண்டிய லாட்டை மட்டும் தனி சேனலில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

இதுவரை எல்லாம் ஒரு வழிப் பாதை. மெசேஜ் வெளியே மட்டும் போவதால் ஆபீசில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரே போதும், பொது முகவரி தேவையில்லை. மெசேஜின் அடியில் 'ஏற்றுக்கொண்டேன்' என்று பட்டன் வேண்டும் என்றால் கதை வேறு. ஸ்லாக் உங்களைத் தேடி வர எச்டிடிபிஎஸ் முகவரி வேண்டும். உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்கு வெளி முகவரி தரும் கிளவுட்ஃப்ளேர் டனல் போல ஒன்றைப் போட்டு, 'வெப்ஹுக்_யூஆர்எல்' அமைப்பில் அந்த முகவரியைக் கொடுங்கள். பட்டன் அழுத்தி 3 நொடிக்குள் பதில் போகாவிட்டால் ஸ்லாக் பிழை காட்டும். அதனால் ஸ்லாக் அனுப்புவதை வாங்கும் வெப்ஹுக் நோடை 'உடனே பதில் சொல்' என்று வைத்துவிட்டு, வேலையைப் பிறகு செய்யட்டும். வெப்ஹுக் நோடுக்கு டெஸ்ட், புரொடக்‌ஷன் என்று இரண்டு முகவரி உண்டு. டெஸ்ட் முகவரியையே ஸ்லாக்கில் ஒட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு. எடிட்டரில் நீங்கள் டெஸ்ட் ஓடவிட்டிருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அது கேட்கும். புரொடக்‌ஷன் முகவரியை ஒட்டி, ஒர்க்ஃப்ளோவை ஆக்டிவ் ஆக்க (புதிய பதிப்பில் 'பப்ளிஷ்' செய்ய) வேண்டும்.

என்8என்னை டாக்கரில் (மென்பொருளைத் தனிப் பெட்டிபோல ஓட்டும் முறை) ஓட்டுகிறவர்கள் நேர மண்டலத்தை 'ஏசியா/கொல்கத்தா' என்று மாற்றாமல் விட்டால், இயல்பாக நியூயார்க் நேரம் எடுக்கும். காலை 8 மணிக்கு வைத்த ரிப்போர்ட் இங்கே மாலை 5.30க்கோ 6.30க்கோ வரும். டாக்கருக்குள் 'நோட்' என்ற பெயரில் இருக்கும் பயனரின் '.என்8என்' ஃபோல்டரை வால்யூமாக அந்தப் பெட்டிக்கு வெளியே வைத்து, டோக்கன்களைப் பூட்டிவைக்கும் என்க்ரிப்ஷன் கீயைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கீ தொலைந்தால் பேக்கப் இருந்தும் பயனில்லை, டோக்கன்கள் திறக்காது. கரண்ட் போய் வந்தால் தானாக எழ ரீஸ்டார்ட் பாலிசி வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் காற்றோட்டமில்லாத அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் கரண்ட் இருந்தாலும் நின்றுபோகும், அதையும் சொல்லிவிட வேண்டும். கரண்ட் இல்லாதபோது தவறிய ஷெட்யூல், கரண்ட் வந்ததும் தானாக ஓடாது.

கோளாறு வந்தால் எச்சரிக்க, எரர் டிரிகர் வைத்துத் தனி ஒர்க்ஃப்ளோ ஒன்று எழுதி, முதல் ஒர்க்ஃப்ளோவின் செட்டிங்ஸில் அதைச் சுட்டுங்கள். கையால் ஓட்டிப் பார்க்கும்போது அது எழாது. தானாக ஓடி விழுந்தால் மட்டுமே எழும். எச்சரிக்கையை ஸ்லாக்குக்கு அனுப்பாதீர்கள், டோக்கன் செத்திருந்தால் அதுவும் போய்ச் சேராது. இமெயிலோ டெலிகிராமோ வையுங்கள்.

கம்ப்யூட்டரே அணைந்துகிடந்தால் எரர் ஒர்க்ஃப்ளோவும் சேர்ந்துதான் தூங்கும். அதற்கு இருக்கும் வழி, தினமும் காலை 8 மணிக்கு 'நேற்று இறங்கியது 6 லாட்' என்று ஒரு வரி போடுவது. லாட் வராத நாளில் '0 லாட்' என்றே போட வேண்டும், சும்மா இருக்கக் கூடாது. 8.10 வரை அந்த வரி வரவில்லை என்றால் ஆபீஸ் திறப்பவர் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது அந்தக் கம்ப்யூட்டரை.