அகாரி எப்போது சாப்பிட்டாள்?

போன மாதம் கணுக்கால் பிசகி இரண்டு வாரம் வீட்டோடு கிடந்தேன். அக்கா பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். எழுந்து நடக்க முடியாது, புத்தகத்திலும் மனசு நிற்கவில்லை. சரி, ஏற்கெனவே ஒருமுறை பார்த்து முடித்த 'மார்ச் கம்ஸ் இன் லைக் எ லயன்' என்ற அனிமேவையே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) மறுபடி முதலிலிருந்து போட்டுவிட்டேன். இரண்டு சீசன், 44 எபிசோடு. கால் சரியாகும் வரை தாங்கும்.

அக்காவைப் பொறுத்தவரை அனிமே என்பது சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம். துணி மடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பாள். சப்டைட்டில் வேகமாக ஓடிவிட்டால் "என்ன சொன்னான்?" என்பாள். நான் நிறுத்தி வாசித்துக் காட்ட வேண்டும். இப்படி நிறுத்தி நிறுத்திப் பார்த்ததில்தான் இது எனக்கு வேறொரு கதையாகத் தெரிய ஆரம்பித்தது.

முதல் தடவை நான் பார்த்தது ரேய் கிரியாமாவின் கதை. பதினேழு வயது, தொழில்முறை ஷோகி ஆட்டக்காரன். ஷோகி என்றால் ஜப்பானியச் சதுரங்கம். வெட்டிய காயை உங்கள் காயாகவே திரும்ப இறக்கலாம் என்பதுதான் நம் செஸ்ஸிலிருந்து பெரிய வித்தியாசம். குடும்பத்தை விபத்தில் இழந்தவன், தனியாக ஒரு காலி ஃபிளாட்டில் இருப்பவன், மனச்சோர்வில் மூழ்கியவன். நானும் அப்போது கொஞ்சம் அப்படித்தான் இருந்தேன், அதனால் அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவனைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் அவனுக்குச் சோறு போடவும் ஆறுதல் சொல்லவும் வந்தவர்கள் என்று நினைத்திருந்தேன்.

(நடுவில் ஒரு தகவல். கதையில் ரேய், நடுநிலைப் பள்ளியில் படிக்கும்போதே தொழில்முறை ஆட்டக்காரன் ஆன ஐந்தாவது ஆள். நிஜத்தில் அந்த ஐந்தாவது ஆளாக ஃபுஜி சோட்டா வந்தது 2016 அக்டோபர் 1 அன்று, பதினான்கு வயதில். அனிமே ஒளிபரப்பானது அடுத்த வாரம், அக்டோபர் 8. அனிமேவுக்கு மூலமான மாங்காவை, அதாவது ஜப்பானியப் படக்கதையை, சிகா உமினோ எழுதத் தொடங்கியது 2007-ல். இப்படியெல்லாம் நடக்கும் என்று அவரே எதிர்பார்த்திருக்க மாட்டார்.)

இந்தத் தடவை என் கண் கவாமோட்டோ வீட்டு மூத்தவள் அகாரி மேலேயே இருந்தது. சீனியர்கள் ரேய்க்குக் குடிக்கக் கொடுத்துத் தெருவில் விட்டுவிட்டுப் போன இரவில் அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தவள் அவள். இருபதுகளில்தான் இருப்பாள். அம்மா இறந்துவிட்டார், அப்பா விட்டுவிட்டுப் போய்விட்டார். தங்கை ஹினா பள்ளிக்கூடம் போகிறாள், கடைக்குட்டி மோமோ மழலையர் பள்ளியில். தாத்தா சோமேஜி நடத்தும் இனிப்புக் கடையில் பகலில் வேலை, வாரத்தில் சில இரவுகள் சித்தியின் மதுக்கூடத்தில். ஒல்லியாக எதைக் கண்டாலும் அகாரிக்குப் பொறுக்காது. பூனையோ மனுஷனோ சோறு போட்டே ஆக வேண்டும். முதல் தடவை இதை வெறும் காமெடியாக நினைத்துச் சிரித்தேன்.

இரண்டாம் சீசனில் ஹினாவின் தோழி சிஹோவை வகுப்பில் ஒதுக்கி வதைக்கிறார்கள். சிஹோ வேறு ஊருக்கே போய்விடுகிறாள். அவளுக்காகப் பேசிய ஹினா அடுத்த குறி ஆகிறாள். வீட்டுக்கு வந்து அழுகிறாள், தான் செய்தது தப்பே இல்லை என்று அழுதுகொண்டே சொல்கிறாள். இதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். அந்த இடத்தில் ரேய்க்குத் தன் சின்ன வயதே காப்பாற்றப்பட்ட மாதிரி இருப்பதைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். நியாயம்தான், அருமையான இடம். அதன் பிறகு ரேய் ஹினாவுக்கு உதவுகிறேன் என்று பரிசுப் பணத்தைக் கணக்குப் போடுவதும், அவனுடைய வாத்தியார் ஹயாஷிதா 'முதலில் அந்தப் பெண்ணிடம் என்ன வேண்டும் என்று கேள்' என்கிற அர்த்தத்தில் தலையில் குட்டுவதும் இன்னொரு அருமை.

நான் முதலில் கவனிக்காமல் விட்டது அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தாத்தா சோமேஜி ஹினாவை அப்படிப் பாராட்டுகிறார், நீ செய்தது பெரிய காரியம் என்று. அகாரிக்கு அது வாயில் வரவில்லை. அவள் மனசில் முதலில் எழுந்தது, இந்தப் பிள்ளை ஏன் போய் மாட்டிக்கொண்டாள் என்பதுதான். பெற்றவளாக இருந்தால் தாத்தா மாதிரி பேசியிருப்பேனே, எனக்கு வரவில்லையே என்று தனியே உடைந்துபோகிறாள். ஹினாவின் துணிச்சல் எல்லோருக்கும் தெரியும். அகாரியிடம் இருப்பது பயம். அந்தப் பயத்தோடுதான் மறுநாளும் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறாள். இரண்டில் எது கனம் என்று என்னைக் கேட்டால், இரண்டாவதைச் சொல்வேன்.

பிறகு பள்ளியிலிருந்து கூப்பிடுகிறார்கள். அம்மாவின் இடத்தில் அகாரி போய் உட்கார்கிறாள். எதிரே வதைத்த பெண்ணின் அம்மா, ஆதாரம் இருக்கிறதா என்று குரலை உயர்த்துகிறார். அகாரிக்குச் சொல் எழவில்லை. அந்த இடத்தில் அக்கா துணி மடிப்பதை நிறுத்தினாள். என்னை நிறுத்தச் சொல்லவில்லை, என்ன சொன்னாள் என்றும் கேட்கவில்லை. காட்சி முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்:

"காலையிலேர்ந்து அந்தப் பொண்ணு ஒண்ணும் சாப்பிட்டிருக்காது."

அனிமேயில் அப்படி ஒரு வசனமும் கிடையாது. ஊரையே உட்காரவைத்துச் சோறு போடுகிறவள் அன்று எப்போது சாப்பிட்டாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

எங்கள் அம்மா போனபோது எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்கு இருபது. இரண்டு வருடம் கழித்து, வகுப்பில் ஒருவனை அடித்து அவன் பல் உடைந்ததற்காக என் வீட்டிலிருந்து ஆளைக் கூட்டிவரச் சொன்னார்கள். அப்பா வேலையாக வெளியூரில். அக்கா வேலையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். அறையில் இருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெரியவங்க யாரும் வரலியா?" என்றார். "நான்தான் சார் பெரியவ" என்றாள். அந்தக் குரல் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. கொஞ்சம் அதிகமாகவே சத்தமாக இருந்தது. பாதுகாவலர் கையெழுத்து என்ற இடத்தில் தன் பெயரை முழுசாக எழுதினாள், இனிஷியல் விரித்து. வழி முழுக்க என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டு விழாத சந்தோஷத்தில் நான் அன்று ராத்திரி இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

அகாரியை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனால் கியோகோ. ரேயை வளர்த்த கோடா குடும்பத்தின் மகள். ரேய் வந்த பிறகு ஷோகியில் அவனை ஜெயிக்க முடியவில்லை என்பதற்காகச் சொந்த அப்பாவே அவளை ஆட்டத்தைக் கைவிடச் சொல்லிவிட்டார். மனைவி நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒருவர் பின்னால் அவள் சுற்றுகிறாள். வெடுக் வெடுக்கென்று பேசுவாள். ரேய் ஆட்டத்துக்குப் போகும் முன் எதிராளியின் கஷ்டத்தை அவன் காதில் போட்டுவிட்டுப் போவாள்: இவருக்கு மகளோடு இது கடைசி கிறிஸ்துமஸ், அவர் தோற்றால் ஓய்வு பெற வேண்டியதுதான். அவளை வெறுக்காமல் இருப்பது கஷ்டம், நான் முயற்சியும் செய்யவில்லை. ஆனால் இந்தத் தடவை ஒன்று பட்டது. அடுத்தவர் எதை இழக்கப்போகிறார் என்பது அவளுக்கு மட்டும்தான் அவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது. இழந்தவளுக்குத்தானே தெரியும்.

அப்புறம் ஷிமாதா. என் மனசுக்கு மிகப் பிடித்த ஆள் இவர்தான், கதாநாயகனையும் சேர்த்து. முன்வழுக்கை, ஒல்லி, எப்போதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பவர். யாமகாட்டா மாகாணத்து தெண்டோக்காரர். ஜப்பானில் ஷோகி காய்கள் பெரும்பாலும் செதுக்கப்படுவது அந்த ஊரில்தான். சின்ன வயதில் இரவுப் பேருந்து பிடித்து டோக்கியோவுக்கு வந்து ஆடிக் கற்றவர். சோயா என்கிற மேதைக்கு எதிராகப் பட்டத்துக்கு மோதுகிறார். நான்கு ஆட்டம் முதலில் ஜெயிப்பவருக்குப் பட்டம். வரிசையாகத் தோற்கிறார். ஒன்றே ஒன்று ஜெயித்துவிட்டால் தொடர் ஐந்தாவது ஆட்டத்துக்குப் போகும், அந்த ஐந்தாவது ஆட்டம் அவர் ஊரில். பட்டம் கூட அப்புறம்தான், ஊர்ப் பெரியவர்கள் முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து ஆடிவிட வேண்டும். அதற்காகத் தூங்காமல், மருந்தை விழுங்கிக்கொண்டு கியோட்டோவில் நான்காவது ஆட்டம் ஆடுகிறார். கடைசியில் தலை குனிந்து தோல்வியை ஒப்புக்கொள்கிறார். ஜெயிக்கும் வழி ஒன்று பலகையில் இருந்திருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்த ரேய்க்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை. சோயா இப்படி ஒரு ஓட்டை விடமாட்டார் என்று தன்னைவிட எதிராளியை நம்பிவிட்டார்.

இதைப் பார்த்துவிட்டு நான் சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷிமாதா உடைந்து போவதில்லை. கொஞ்ச நாளில் இன்னொரு பட்டத்துக்கு, 66 வயது யானகிஹாரா முன்னால் போய் உட்கார்கிறார். அங்கே யானகிஹாராவின் சுமை வேறு. ஆட்டத்தை விட்டுப்போன நண்பர்கள் ஒவ்வொருவரும் நீயாவது ஆடு என்று தங்கள் ஆசையை அவர் மேல் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். அத்தனையும் துணிப் பட்டைகளாக அவர் கையையும் காலையும் சுற்றிக் கட்டுகிற மாதிரி ஸ்டூடியோ ஷாஃப்ட் வரைந்திருக்கிறார்கள். அதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது, பார்த்துக்கொள்ளுங்கள். அதிலும் ஷிமாதா தோற்கிறார்.

ஆனால் ஷிமாதாவின் தோல்வி வீணாகவும் போவதில்லை, அதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த பின்னல். கியோட்டோவில் அவர் கூடவே இருந்து வயிற்று வலியை நேரில் பார்த்தவன் ரேய். பிறகு ஹினா பள்ளிச் சுற்றுலாவாக அதே கியோட்டோவுக்குப் போகிறாள், சேர்த்துக்கொள்ள யாரும் இல்லாமல். ஓசாகாவில் ஆட்டம் முடித்த ரேய் வயிற்று மருந்துகளை வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடி வருகிறான். மன வேதனை வயிற்றில் போய் உட்காரும் என்று அவனுக்கு யார் சொல்லித் தந்தது? ஷிமாதா எதையும் சொல்லித் தரவில்லை. அவர் பாட்டுக்கு வலித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

நிகைடோவைப் பற்றி எழுதினால் இந்தப் பதிவு முடியாது. நோயோடு வளர்ந்து, ரேயின் எதிராளியாகவே இருக்க உயிரைக் கொடுக்கும் அந்தக் குண்டுப் பையனுக்குத் தனியாக ஒரு பதிவு கடன். 29 வயதில், 1998-ல் இறந்த சதோஷி முராயாமா என்ற நிஜ ஆட்டக்காரரின் சாயல் அவனிடம் இருப்பதாக ரசிகர்கள் சொல்வார்கள். அவரும் சின்ன வயதிலிருந்து சிறுநீரக நோயோடு ஆடியவர்.

அக்கா கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி கேட்டேவிட்டேன்.

"என் ஸ்கூலுக்கு வந்தியே, அன்னைக்கு நீ சாப்பிட்டியாக்கா?"

"எந்த அன்னைக்கு?"

பல் உடைந்த கதையைச் சொன்னேன். யோசித்துப் பார்த்துவிட்டு, அந்தப் பையன் பெயரைச் சொல்லி, அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று கேட்டாள். சாப்பாட்டுக் கேள்விக்குப் பதில் வரவில்லை. பையை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்த வயித்துவலிக்காரர் என்ன ஆனார்? நான் குளிக்கப் போயிட்டேன் அன்னைக்கு. ஊர்ல ஆட்டம் நடந்துச்சா?"

"இல்லக்கா. நாலாவதுலயே முடிஞ்சிருச்சு."

"அடப்பாவமே" என்றாள். "அந்த ஊர்ப் பெரியவங்கல்லாம் காத்துக்கிட்டு இருந்திருப்பாங்களே."